கீழாநெல்லியை நிறுத்தச் சொல்வது யாருக்காக?

"உங்க கணக்கு சரியா வர்றதுக்கு எம்புள்ள எதுக்கு மேடம் அத்த நிறுத்தணும்?"

சென்னை காசிமேட்டிலிருந்து மகனோடு வந்திருந்த ஓர் அம்மா கேட்டது இது. மகனுக்கு நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், தினம் ஒன்று. அதோடு காலையில் வெறும் வயிற்றில் ஒரு கைப்பிடி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கிறார். நாங்கள் ஆள் சேர்த்துக்கொண்டிருந்ததும் கீழாநெல்லி கேப்ஸ்யூல் ஆய்வுக்குத்தான். படிவத்தில் ஒரு வரி: கடந்த மூன்று மாதத்தில் கீழாநெல்லியோ வேறு மூலிகை மருந்தோ எடுத்திருக்கக் கூடாது, எடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, இடைவெளி விட்டு வரலாம். காரணத்தை நான் மறைக்கவில்லை. "நிறுத்தினாத்தாம்மா எங்க கேப்ஸ்யூல் என்ன செய்யுதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. மகனைச் சேர்க்கவில்லை. மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது என்று இருவரிடமும் சொல்லி அனுப்பினேன்.

விதிப்படி எல்லாம் சரி. அந்த வரியை இன்று எழுதச் சொன்னாலும் அப்படியேதான் எழுதுவேன் என்று ஒரு நாள் தோன்றுகிறது. இன்னொரு நாள் அப்படித் தோன்றுவதில்லை.

வரி ஏன் தேவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட பி தொற்றில் ரத்தத்தில் சுற்றும் மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது வைரஸின் வெளியுறைப் புரதம், தானாக மறைவது அபூர்வம். ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவில்தான் நடக்கும். டெனோஃபோவிர் வைரஸின் டிஎன்ஏ அளவை நன்றாகக் கீழே இறக்கும், ஆன்டிஜெனைப் பெரும்பாலும் அசைக்காது. அதனால் ஒரு மூலிகை அதைக் கொஞ்சம் குறைத்தாலும் அது பெரிய சேதி. ஆனால் மருந்துப்போலி, அதாவது மருந்தே இல்லாத கேப்ஸ்யூல், வாங்கும் குழுவிலும் பாதிப் பேர் வீட்டில் அதே இலையைக் குடித்தால், இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். வேலை செய்யும் மருந்தைக்கூட வேலை செய்யாதது என்று எழுதிவிடுவோம். அந்த வரி கீழாநெல்லிக்கு எதிரானது அல்ல, அதைக் காப்பாற்ற எழுதியது. அந்த அம்மாவிடம் இதை இப்படிச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்டது வேறு.

இந்தச் செடிக்கு இந்த ஊரில் ஒரு வரலாறு உண்டு, கறாராக இருப்பதற்கு அதுவும் காரணம். 1987ல் வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பர்க் மூவரும் கீழாநெல்லியின் நீர்ச்சாறு, வைரஸ் பெருகத் தேவையான டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைத் தடுப்பதாக வெளியிட்டார்கள். மனித வைரஸின் உறவுக்கார வைரஸைத் தாங்கும் வுட்சக் என்ற கொறிவிலங்கிலும் பலன் தெரிந்தது. பிளம்பர்க், ஹெபடைட்டிஸ் பி ஆன்டிஜெனைக் கண்டறிந்ததற்காக 1976ல் நோபல் பெற்றவர். அடுத்த ஆண்டே சென்னையிலிருந்து தியாகராஜன் குழுவின் கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உலர்த்திய கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். முடித்து 15 முதல் 20 நாள் கழித்துப் பார்த்தபோது 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் இல்லை, அதாவது 59 சதவீதம். மருந்துப்போலி எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்திருந்தது.

இந்த எண்ணிக்கையை முதலில் படிக்கும் யாருக்கும் மனம் துள்ளும். பிறகு தாய்லாந்து, நெதர்லாந்து, நியூசிலாந்து என்று மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் திரும்ப வரவில்லை. கீழாநெல்லியின் பேரினமான பில்லாந்தஸ் செடிகளைப் பற்றிய சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2011ஆம் ஆண்டின் காக்ரேன் அலசலும் மருந்துப்போலியைவிட மேல் என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்றது. ஏன் என்பதற்கு விளக்கங்கள் உண்டு: செடி வேறு, மண் வேறு, வைரஸ் ரகம் வேறு. இந்தியாவில் ஏ, டி ரகங்கள் அதிகம், கிழக்காசியாவில் பி, சி. எந்த விளக்கமும் முழுதாக நிற்கவில்லை. ஆனால் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் அந்தக் காக்ரேன் அலசல் போய்ச் சேரவில்லை. 'நம்ம ஊர் டாக்டருங்களே கண்டுபிடிச்சாங்க' என்பது மட்டும் சேர்ந்திருக்கிறது. அதில் பொய்யும் இல்லை.

இதோடு மஞ்சள் காமாலைக் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. குடிநீரில் சாக்கடை கலந்து வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ. சில வாரத்தில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சில வாரமும் உப்பில்லாப் பத்தியமும் கீழாநெல்லியும் நடக்கும். மஞ்சள் நிறமியான பிலிருபின் ரத்தத்தில் இறங்கியதும் பேர் செடிக்குப் போகும். அதே நம்பிக்கை பி தொற்றுக்கும் வந்துவிடுகிறது, அது முற்றிலும் வேறு நோய் என்றாலும்.

ஆய்வகத்தில் இந்தச் செடி எப்படி ஏமாற்றும் என்பதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த அம்மாவிடம் நான் பேசிய தொனிக்குப் பின்னால் அந்த அனுபவம்தான் இருந்தது.

ஹெப்ஜி2.2.15 செல்கள் வைரஸை உண்டாக்கிக்கொண்டே இருப்பவை. அவற்றின் மேல் சாற்றை விட்டு, சில நாள் கழித்து மேல் திரவத்தை எடுத்து எலைசா என்ற நிறச் சோதனையில் ஆன்டிஜென் அளப்போம். அளவு இறங்கும், எல்லோருக்கும் சந்தோஷம். இறங்குவதற்கு மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சாறு உண்மையிலேயே வைரஸை அடக்கியிருக்கலாம். இரண்டு, செல்களே செத்திருக்கலாம், செத்த செல் ஆன்டிஜென் விடாது. அதைப் பார்க்க எம்டிடி சோதனை வைப்போம்; உயிருள்ள செல்தான் எம்டிடி சாயத்தை ஊதாவாக்க வேண்டும். அதிலும் பொறி இருக்கிறது: சாற்றிலுள்ள பாலிபீனால்கள் செல் இல்லாமலே எம்டிடியை ஊதா நிறமாக்கும். செத்த செல்லும் உயிரோடிருப்பதாகக் கணக்கில் வரும். எம்டிடி சேர்க்கும் முன் சாற்றை உறிஞ்சி எடுத்து, உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவ வேண்டும். தட்டில் செல் இல்லாத குழிகளில் வெறும் சாறும் எம்டிடியும் வைத்து 570 நானோமீட்டரில் தனியாகப் படிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் கீழாநெல்லிக்கே உரியது. நீர்ச்சாற்றில் ஜெரானின், கொரிலாஜின் போன்ற டானின்கள் நிறைய. டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவது இந்த வேதியியலால்தான். எலைசாவில் ஆன்டிஜெனும் புரதம், அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் புரதம், நிறம் தரும் நொதியும் புரதம். டானின் மூன்றையும் கெடுக்கும். வைரஸ் ஒன்றும் ஆகாமல் நிறம் மட்டும் குறையும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: அளவு தெரிந்த ஆன்டிஜெனை, செல்லே இல்லாமல், அதே சாற்றில் கலந்து எலைசாவில் வைக்க வேண்டும். போட்டது முழுதாகத் திரும்பி வராவிட்டால் முந்தைய தட்டுகளை நம்ப முடியாது. டானினைப் பிடிக்கும் பிவிபிபி தூளில் குலுக்கி, சுழற்றி, டானினை நீக்கிய சாறையும் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும். டானின் போனதும் பலனும் போகிறதா என்று பார்க்கும் அந்தக் குழிகளை விட்டுவிட்டு எழுதப்படும் கட்டுரைகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்தது அளவு. தட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சாற்றில் பலன் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 600 மில்லிகிராம் பொடியிலிருந்து தண்ணீரில் இறங்குவது 100 மில்லிகிராம் என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். அது அத்தனையும் குடலில் உறிஞ்சப்பட்டு, வெளியே எங்கும் போகாமல் மூன்று லிட்டர் பிளாஸ்மாவிலேயே தங்கினாலும் மில்லிலிட்டருக்கு 33 மைக்ரோகிராம்தான். உடம்பிலுள்ள 40 லிட்டர் நீரில் பரவினால் 2.5. நடைமுறையில் இதுவும் இல்லை. ஜெரானின் குடலில் எல்லாஜிக் அமிலமாக உடைந்து, பாக்டீரியாக்களால் யூரோலித்தின்களாக மாறும். அந்த பாக்டீரியாக்கள் எல்லோர் குடலிலும் இல்லை. தட்டில் நாம் விட்ட மூலக்கூறு கல்லீரலுக்குப் போவதே இல்லை என்று சொல்லலாம்.

இதுவரை எழுதியது எல்லாம் என் பக்கத்து நியாயம். இந்தக் கணக்கையே அந்த அம்மாவின் பக்கம் திருப்பிப் போட்டால் என்ன ஆகிறது?

ஒரு கைப்பிடி பச்சைச் செடி 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் நான்கில் மூன்று பங்கு நீர் என்றால் உலர் எடை 5 கிராம். 1988ன் அளவு, எங்கள் கேப்ஸ்யூலின் அளவும் அதுவே, நாளுக்கு 600 மில்லிகிராம். அந்த அம்மா கொடுப்பது அதைப்போல் எட்டு மடங்கு. அவர் உலர்த்துவதில்லை, காய்ச்சுவதில்லை. காய்ச்சினால் ஜெரானின் உடையும். முழுச் செடியை அரைத்து மோரில் கலப்பதால் தண்ணீரில் கரையாத பில்லாந்தின் போன்ற லிக்னன்களும் உள்ளே போகின்றன. மோரின் கேசின் டானினைப் பிடித்துக்கொள்ளவும் செய்யும், அது நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. ஆக, நான் நிறுத்தச் சொன்னது ஒரு மருந்து. அதற்குப் பதில் தர இருந்தது வேறு மருந்து, அதுவும் எட்டில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் வெறும் மாவு. கேப்ஸ்யூல் தோற்றாலும் ஜெயித்தாலும் அவர் அம்மியில் அரைப்பதைப் பற்றி எங்கள் ஆய்வு எதுவும் சொல்லியிருக்காது. "கீழாநெல்லி வேலை செய்யவில்லை" என்று தலைப்புப் போட்டால் அது அவருக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மூன்று மாதமாகக் கீழாநெல்லியே தொடாத பி தொற்றுக்காரரை வடசென்னையில் தேடினால் கிடைப்பவர் யார்? ஒன்று, நோய் இருப்பதே தெரியாதவர். இல்லை, எதையும் தொடர்ந்து சாப்பிடாதவர். தினமும் காலையில் அரைத்துக் கொடுக்க வீட்டில் ஒரு ஆள் இருக்கிற மகன், டெனோஃபோவிரையும் தவறாமல் விழுங்குகிறவன். அவனை வெளியே அனுப்பும் வரி, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவர்களையும் சேர்த்து வெளியே அனுப்புகிறது. இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் முடிவில் வரும் அட்டவணையில் இது தெரியவே தெரியாது.

அப்படியானால் குடிக்கட்டும் என்று விட்டிருக்கலாமா? அதுவும் என்னால் முடியாது. அவர் செடியை எங்கே பறிக்கிறார் என்பது பெரிய விஷயம். ரயில் பாதையோரம், கால்வாய்க்கரை, லாரி நிற்கும் இடம் எல்லாவற்றிலும் மழைக்குப் பிறகு கீழாநெல்லி முளைக்கும். மூலிகைக்கு ஏற்கப்பட்ட உச்சவரம்பு ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), காட்மியம் 0.3 பிபிஎம். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. உலர்த்தி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உலோகங்களை நுட்பமாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளக்க வேண்டும். டெனோஃபோவிர் எடுப்பவருக்குச் சிறுநீரகத்தை ஏற்கெனவே கிரியாட்டினின் வைத்துக் கண்காணிக்கிறோம். அதன் மேல் காட்மியம் சேர்வதை யாரும் விரும்பமாட்டார்கள். டெனோஃபோவிர் டைசோபிராக்ஸில் குடலில் பி-கிளைக்கோபுரதத்தால் வெளித்தள்ளப்படும் மருந்து. செடியில் உள்ள ஏதாவது ஒன்று அந்தப் புரதத்தை மந்தமாக்கினால் மருந்து கூடுதலாக உள்ளே போகும். சிறுநீரகத்துக்கு அதுவும் பாரம்.

இனமும் முக்கியம். இந்தியப் புத்தகங்களில் பில்லாந்தஸ் நிரூரி என்று எழுதியிருந்தது உண்மையில் அமாரஸ், ஃபிராட்டெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று செடிகள் என்று 1985லேயே தாவரவியலாளர்கள் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைச் சரக்கை டிஎன்ஏ வைத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மாதிரிகள் அமாரஸ் அல்லாத வேறு இனங்கள். ராசப்ப செட்டி தெருவில் உலர்ந்த கட்டாக வாங்கினால் அடையாளம் காண்பது இன்னும் கடினம்; இலையெல்லாம் உதிர்ந்து குச்சிதான் இருக்கும். பச்சையாகப் பறிக்கிற அந்த அம்மா இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடப் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார், செடி தெரிந்தவராக இருந்தால்.

ஆக அவருக்கு உண்மையிலேயே உதவியிருக்கக்கூடிய பேச்சு எங்கே பறிக்கிறீர்கள், எது செடி, கிரியாட்டினின் எப்போது பார்த்தது என்பது. படிவத்தில் அதற்கு இடம் இல்லை. எடுக்கிறாரா இல்லையா என்று ஒரு கட்டம்தான். எனக்கும் அன்று வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். மாத்திரையை விடாதீர்கள் என்பதை அழுத்திச் சொன்னேன், அது மிக முக்கியம். டெனோஃபோவிரைத் திடீரென நிறுத்தினால் சில வாரத்திலோ மாதத்திலோ வைரஸ் சீறி எழுந்து கல்லீரல் செயலிழக்கக்கூடும். கீழாநெல்லியால் வரும் எந்த நன்மையும் தீமையும் இதன் பக்கத்தில் நிற்காது. ஒரே ஒரு சேதிதான் மனதில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வீட்டில் குடிப்பவர்களையும் சேர்க்கும் ஆய்வைத் திட்டமிட முடியும். குடிப்பவர், குடிக்காதவர் என்று முதலிலேயே இரண்டு அடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் சீட்டுப் போட்டு மருந்தும் மருந்துப்போலியும் கொடுக்கலாம். சிறுநீரில் யூரோலித்தின் அளந்தால் யார் உண்மையில் எவ்வளவு குடிக்கிறார் என்பதற்கு ஓரளவு சான்று கிடைக்கும். மாதுளையும் அக்ரூட்டும் சாப்பிட்டாலும் அது ஏறும் என்பதால் உணவையும் எழுதி வாங்க வேண்டும். ஆட்கள் இரண்டு மடங்கு தேவைப்படும், செலவும் அப்படியே. நெறிமுறைக் குழுவில் முதலில் கேட்பது, உலோகம் அளக்காத செடியைக் குடிக்க அனுமதிக்கிறீர்களா என்றுதான் இருக்கும். அதற்கு ஒரு வழி, அளந்து பார்த்த செடியை நாமே வீட்டுக்குக் கொடுப்பது. கொடுத்தால் அது வீட்டு மருந்தா, ஆய்வு மருந்தா? இந்த இடத்தில் என் வரைவு நிற்கிறது.