காண்டம் கிழிந்த பிறகு

ஜூன் 8
நேற்றிரவு காண்டம் கிழிந்துவிட்டது. கழற்றும்போதுதான் தெரிந்தது. உள்ளே நன்றாகக் கழுவிவிடலாம் என்று முதலில் தோன்றும், அதைச் செய்யக்கூடாது. கிருமி வெளியே வராது, உள்சுவர்தான் எரிச்சலாகும். வெளியே மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

காலையில் முதல் வேலை அவசர கருத்தடை மாத்திரை: லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம். 72 மணி நேரம் வரை போடலாம் என்றாலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அவனைக் கேட்டேன். "கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்த?"
"போன வருஷம். எல்லாம் நார்மல்."
"எல்லாம்னா எது எது?"
யோசித்துப் பார்த்துவிட்டு, எச்.ஐ.வி. மட்டும் என்றான். இன்று மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். நெகட்டிவ்.

ஜூன் 9
டாக்டரம்மா வெட்கப்பட நேரமே தரவில்லை. எந்த வகை உறவு, விந்து உள்ளே போனதா, யாருக்காவது புண் உண்டா, அவனுக்கு வேறு உறவு இருந்ததா, ஊசியில் போதை ஏற்றும் பழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார்.

என் பயமெல்லாம் எச்.ஐ.வி. மேல்தான். எச்.ஐ.வி. இருந்தும் சிகிச்சை எடுக்காதவரோடு யோனிவழி உறவு என்றால் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 முறைக்கு 8 போல. ஆசனவழியில் ஏற்பவருக்கு 138. சிகிச்சையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தால் உறவில் பரவாது. ராத்திரி முழுக்க நான் போட்ட கணக்கு இதற்குப் பக்கத்தில்கூட வராது.

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் பெப் மருந்து வேண்டுமா என்று கேட்டேன். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் போட வேண்டிய மாத்திரைகள் அவை. அவன் ரிசல்ட் நெகட்டிவ், முந்தைய உறவு முடிந்து அரை வருஷத்துக்கு மேலாகிறது என்பதால் வேண்டாம் என்றார். "அவர் ரிசல்ட் கையில இல்லைன்னா இன்னைக்கே ஆரம்பிச்சிருப்பேன். வந்தப்புறம் நிறுத்திக்கலாம்."

ரத்தமும் ஸ்வாபும் (பஞ்சுக்குச்சியால் உள்ளே துடைத்தெடுக்கும் மாதிரி) எடுத்தார்கள். இதில் அந்த இரவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்கு முன் எனக்கு என்ன இருந்தது என்பது மட்டும் தெரியும்.

ஜூன் 12
எல்லாம் நெகட்டிவ். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் எதிர்ப்புச் சக்தியும் போதுமான அளவு இருக்கிறது.

ஜூன் 23
கிளமிடியா, கொனோரியா என்ற இரண்டு பால்வினைத் தொற்றுகளுக்கும் மறுபடி ஸ்வாப். இரண்டு வாரமாவது போனால்தான் இவற்றை நம்பிப் பார்க்க முடியும். ஸ்வாபை நாமே எடுத்துக் கொடுக்கலாம், துல்லியம் குறையாது. மாதவிலக்கும் கொஞ்சம் தள்ளிப்போய் வந்துவிட்டது.

ஜூன் 26
கிளமிடியா பாசிட்டிவ்.

வலி இல்லை, எரிச்சல் இல்லை, வெள்ளைப்படுதல்கூட இல்லை. பெரும்பாலான பெண்களுக்கு இப்படித்தானாம். கவனிக்காமல் விட்டால் கர்ப்பப்பை, கருக்குழாய் வரை ஏறும். ஜூன் 9 ஸ்வாப் சுத்தம் என்பதால் எப்போது வந்தது என்பதில் விவாதமில்லை. அவனுக்கும் அறிகுறி கிடையாது. பழைய உறவிலிருந்து மாதக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கியிருக்கிறது. அந்த "எல்லாம் நார்மல்" எவ்வளவு குறுகலானது!

சிறுநீரில் கர்ப்பமில்லை என்று உறுதி செய்துகொண்டு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் எழுதினார். இருவேளை, 7 நாள், இருவருக்கும். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக்கூடாது. இருவரும் முடிக்கும்வரை உறவு வேண்டாம். பழைய தோழிக்குத் தகவல் சொல்ல ரொம்பத் தயங்கினான். அவளுக்கும் அறிகுறி இருக்காது, சொன்னால்தானே தெரியும் என்றேன். சொல்லிவிட்டான்.

ஜூலை 24
எச்.ஐ.வி. நெகட்டிவ். நான்காம் தலைமுறைச் சோதனையை (வைரஸின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்ப்பது) ஆய்வகத்தில் செய்தால் 45 நாளில் இதை முடிவாக எடுத்துக்கொள்ளலாம். விரல் குத்திப் பார்க்கும் துரித சோதனை என்றால் 90 நாள் காத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 1
சிஃபிலிஸ் நெகட்டிவ், மூன்று மாதம் தாண்டிவிட்டதால் இனிப் பார்க்க வேண்டியதில்லை. கிளமிடியாவும் போய்விட்டது. மாத்திரை முடிந்ததும் அவசரப்பட்டு இதைச் சோதித்தால் செத்த கிருமியின் மரபணுவே பாசிட்டிவ் காட்டிவிடுமாம். ஹெர்பிஸும் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். புண் எதுவும் இல்லாதவருக்கு அந்த ரத்தப் பரிசோதனையால் குழப்பம்தான் மிஞ்சும் என்று மறுத்துவிட்டார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வைரஸுக்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி முதல் டோஸ் போட்டாயிற்று. அவன் ரிசல்ட் நாளை வரும்.