கடைசிப் பத்து நிமிடம்

"நான் உங்களிடம் கேட்டது புத்தகங்களைத்தான் சார், பாடவேளையை அல்ல" என்று அறிவியல் ஆசிரியை சொன்னபோது, பள்ளி நூலகரான நான் மறுமொழி எதுவும் கூறவில்லை. அதன்பிறகு மனத்துக்குள் எத்தனையோ பதில்களைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதுவும் எனக்கே நிறைவாக இல்லை.

தண்ணீர் பற்றிய செயல்திட்டத்துக்காக எட்டாம் வகுப்பை நூலகத்துக்கு அழைத்து வருவதாகவும், பிள்ளைகள் அலமாரிகளில் துழாவிக்கொண்டிருந்தால் எழுத நேரம் இருக்காது என்பதால் வேண்டிய நூல்களை மேசையில் எடுத்து வைத்துவிடும்படியும் அவர் முன்னதாகவே சொல்லியிருந்தார். அப்படியே வைத்தேன். மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில், அவரவர் எடுத்த நூலை அதன் முதுகில் ஒட்டியுள்ள எண்ணைப் பார்த்து உரிய தட்டில் அவரவரே வைக்க வேண்டும் என்று அறிவித்தேன். இதை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

பாடநூலில் ஒரே அலகாக இருக்கும் தண்ணீர், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூவியின் பகுப்பு முறையில் சிதறிக் கிடக்கிறது: நீரியல் 551.48-இல், நீர்வளமும் அதன் பங்கீடும் 333.91-இல், நீர் வழங்கலுக்கான பொறியியல் 628.1-இல். ஒரு மாணவன் கையில் இரண்டு நூல்களோடு இரண்டு அலமாரிகளுக்கும் இடையே நின்று, "ரெண்டும் தண்ணியப் பத்தினதுதானே சார், ஏன் வேற வேற இடத்துல இருக்கு?" என்றான். நான் விளக்க வாயெடுப்பதற்குள் பக்கத்து நூல்களின் தலைப்புகளைப் படிக்கத் தொடங்கிவிட்டான். ஓரிடத்தில் அண்டையில் நிலமும் காடும், இன்னோரிடத்தில் எரிமலையும் மழையும். மேசையில் குவித்து வைத்த நூல்கள் அந்தக் கேள்வியை எழுப்பியிருக்கவே முடியாது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அதே நேரத்தில் வேறு சிலர் பாதி வாக்கியத்தில் குறிப்பேட்டை மூடிவிட்டு எழுந்ததையும் பார்த்தேன். ஒவ்வொரு குழுவும் தன் முடிவை வாசிப்பதற்கென்று ஆசிரியை ஒதுக்கியிருந்தது அந்தப் பத்து நிமிடத்தைத்தான் என்பது பிறகே தெரிந்தது. கேட்டிருந்தால் மறுத்திருப்பார், பாடத்தை முடிக்க வேண்டிய தேதி அவருக்கு இருக்கிறது. மறுப்பார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லையா என்று ஒரு மனம் கேட்கிறது. நூல் தேடக் கற்பிக்கக் கால அட்டவணையில் இடமே இல்லாதபோது, யாருடைய பாடவேளையிலாவது கைவைக்காமல் நூலகர் வேறென்ன செய்வார் என்று மறுமனம் வாதாடுகிறது.

ஆசிரியரும் நூலகரும் இணைந்து பணியாற்றும்போது மாணவர்களின் வாசிப்பும் கற்றலும் சிக்கல் தீர்க்கும் திறனும் உயர்கின்றன என்று இஃப்லா என்ற பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் வெளியிட்ட பள்ளி நூலகக் கொள்கை அறிக்கை 1999-இலேயே கூறியது. அதை மேற்கோள் காட்டி அவரிடம் வாதாடலாம் என்றுகூட எண்ணினேன். (நல்லவேளை, செய்யவில்லை.) எவருடைய நிமிடங்களை எடுப்பது என்ற கணக்கை எந்த அறிக்கையும் தீர்த்து வைக்காது.

இப்போதெல்லாம் அவர் நூல்களைப் பெட்டியில் வகுப்புக்கே எடுத்துச் செல்கிறார். கலந்து திரும்பி வருபவற்றை நான் பிரித்து அடுக்குகிறேன். அது என் வேலைதான், அதில் குறையொன்றும் இல்லை. அந்த மாணவனின் கேள்வியை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், பழைய வழக்குக்குச் சாட்சி கொண்டுவருகிறேன் என்று எண்ணிவிடுவாரோ என்ற தயக்கம் இருக்கிறது. அப்படி எண்ணினால் அது முழுக்கத் தவறென்றும் சொல்ல முடியவில்லை.