ஃப்ரெய்ட் யார் கைக்குப் போகிறது?

சென்னை லிங்கிச் செட்டித் தெருவில், சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்யும் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். ஷிப்பிங் பில், பி.எல்., இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று நாள் முழுக்கக் காகிதம்தான். எந்த ஃபைலைத் திறந்தாலும் என் கண் முதலில் போய் நிற்பது ஃப்ரெய்ட், அதாவது கப்பல் வாடகை, என்ற வரியில். தொகை டாலர் கணக்கில் இருக்கும். கப்பல் கம்பெனி டென்மார்க்காக இருக்கும், சுவிட்சர்லாந்தாக இருக்கும், பிரான்ஸ், தைவான் என்று எதுவாகவும் இருக்கும். அந்த இடத்தில் ஒரு இந்தியக் கம்பெனியின் பெயரைப் பார்ப்பது அபூர்வம்.

நம் நாட்டின் வெளிநாட்டு வணிகத்தில் எடைக் கணக்குப்படி சுமார் 95 சதவீதம் கடல் வழியாகத்தான் நடக்கிறது. மதிப்பில் பார்த்தாலும் 70 சதவீதம் அளவுக்கு வரும். 1980களின் கடைசியில் அந்தச் சரக்கில் ஏறத்தாழ 40 சதவீதத்தை இந்தியக் கொடி கட்டிய கப்பல்கள் சுமந்தன. இன்று அது பத்து சதவீதத்துக்கும் கீழே. நடுவில் சரக்கு பல மடங்கு பெருகிவிட்டது, கப்பல் அந்த வேகத்துக்குப் பெருகவில்லை. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு நாம் வருஷத்துக்கு சுமார் 75 பில்லியன் டாலர் வாடகை கொடுக்கிறோம் என்று அரசே சொல்லியிருக்கிறது.

ஏன் இப்படி என்று கேட்டால் பெரிய பெரிய காரணங்கள் சொல்வார்கள். எங்கள் மேசையில் தெரியும் காரணம் சின்னது. ஏற்றுமதி செய்பவர்களில் பெரும்பாலானோர் எஃப்.ஓ.பி. விலையில் விற்கிறார்கள். சரக்கு இங்கே கப்பலில் ஏறியதோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது. எந்தக் கப்பல், என்ன வாடகை என்பதை வெளிநாட்டில் வாங்குபவர் முடிவு செய்வார். சரி, இறக்குமதியிலாவது நாம் முடிவு செய்கிறோமா? அங்கே சி.ஐ.எஃப். விலையில் வாங்குகிறோம். வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே விலை. அங்கேயும் கப்பலைத் தேர்ந்தெடுப்பவர் எதிர்த்தரப்புதான். போகும்போதும் வரும்போதும் கப்பல் பேசும் உரிமையை நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். சின்ன வியாபாரிக்கு இது தலைவலி இல்லாத வழி என்பது உண்மை. நாடு முழுக்க எல்லோரும் அப்படியே செய்யும்போது நம் கப்பலுக்குச் சரக்கு எங்கிருந்து வரும்?

2021இல் கண்டெய்னர் தட்டுப்பாடு வந்தபோது இதன் வலியைக் கிட்டத்தில் பார்த்தேன். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ரேட் பல மடங்கு ஏறியிருந்தது. காலையில் வாங்கிய ரேட் மாலையில் செல்லாது. ஆம்பூரிலிருந்து ஷூ அனுப்பும் ஒரு பாய் எங்கள் பழைய கஸ்டமர். அவருடையது எஃப்.ஓ.பி., வாடகை அவர் பையிலிருந்து போவதில்லை. ஆனாலும் தினம் போன் செய்வார். ஒருநாள் சொன்னார்: "வாடகை அவன் கொடுக்கிறதுதான் தம்பி. ஆனா ஜோடிக்கு இவ்வளவு குறைச்சுக்கோ, இல்லைன்னா ஆர்டரை நிறுத்திக்கிறேன்னு மெயில் போடுறான்." குறைத்துத்தான் கொடுத்தார். எந்த பில்லிலும் அவர் பெயரில் ஃப்ரெய்ட் என்று ஒரு பைசா இல்லை; கட்டியது அவர்தான். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோதும் இதே கதை. பயணம் இரண்டு வாரம் வரை கூடியது, கூடுதல் கட்டணமாக சர்சார்ஜ் மேல் சர்சார்ஜ் வந்தது. பேரம் பேச நமக்கென்று ஒரு லைன், அதாவது கப்பல் கம்பெனி, இல்லை.

கப்பல் என்றால் கடலில் போவது மட்டும் என்று நினைப்பவர்கள் ஒரு ராத்திரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைக்கு வர வேண்டும். மணலி, திருவொற்றியூர் பக்கத்தில் கண்டெய்னரில் சரக்கு ஏற்றி இறக்கும் சி.எஃப்.எஸ். யார்டுகளிலிருந்து கிளம்பும் ட்ரெய்லர்கள் காசிமேட்டைத் தாண்டி, துறைமுகத்தின் ஜீரோ கேட் வரைக்கும் நிற்கும் நாட்கள் உண்டு. கேபினுக்குள்ளேயே ஸ்டவ் பற்ற வைத்துச் சோறு பொங்குவார்கள். பெட்டி துறைமுகத்துக்குள் போக வேண்டிய கடைசி நேரம், கட்-ஆஃப், நள்ளிரவு என்று இருக்கும். பத்து மணிக்கு டிரைவர் போன் செய்வார்: "இன்னும் டோல்கேட்டே தாண்டலை சார்." பெட்டி உள்ளே போகாவிட்டால் ஷட்-அவுட், அப்புறம் அடுத்த கப்பல்தான். சென்னையில் ஏறும் பெட்டிகளில் பல கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இறங்கி, தாய்க்கப்பல் என்ற பெரிய கப்பலுக்கு மாறிப் போகிறவை. இங்கே ஒரு ராத்திரி தவறினால் அங்கே ஒரு வாரம் தவறும். அந்த டிரைவரின் தூக்கமும் கப்பல் பொருளாதாரத்தில் சேர்த்திதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எண்ணூர் என்றதும் நிலக்கரி ஞாபகம் வருகிறது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்திலிருந்து ரயிலில் பாராதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகம், அப்புறம் பக்கத்திலேயே வடசென்னை அனல்மின் நிலையம். எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் மின்விசிறி சுற்றுவதற்குப் பின்னால் ஒரு கப்பல் இருக்கிறது. இதற்கென்றே தமிழ்நாடு அரசு 1974இல் பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று மூன்று கப்பல்கள் அதற்குச் சொந்தமாக ஓடின. ஒரு மாநில அரசு தன் மின்சாரத்துக்கான கரியைத் தன் கப்பலிலேயே கொண்டுவந்தது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு அது பெருமையான விஷயம்.

ஆட்களுக்கு நம்மிடம் பஞ்சமே கிடையாது. உலகக் கப்பல்களுக்கு மாலுமிகளைக் கொடுப்பதில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. ராயபுரத்திலும் எங்கள் பேட்டையிலும் மகன் கப்பலில் இருக்கிறான் என்று சொல்லும் வீடுகள் உண்டு. அவன் அனுப்பும் பணத்தில் தங்கை கல்யாணம் நடக்கும், மேல்மாடி எழும்பும். 2020 கொரோனா காலத்தில் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் உலகம் முழுக்க சுமார் 4 லட்சம் மாலுமிகள் கப்பலிலேயே தவித்தார்கள். ஊரடங்கில் நம் வீட்டுக்கு எண்ணெயும் மருந்தும் வந்துகொண்டிருந்தது அவர்களால். அதற்கு உரிய நன்றியை நாம் சொல்லவே இல்லை.

இத்தனை இருந்தும் கப்பல் ஏன் சேரவில்லை? ஒரு கப்பல் வாங்கப் பல நூறு கோடி வேண்டும். கடன் நீண்ட காலத்துக்கு, குறைந்த வட்டிக்குக் கிடைக்க வேண்டும். இங்கே வட்டியும் அதிகம், தவணைக் காலமும் குறைவு. சென்னைப் பெருநகரத்தின் ஜனத்தொகை அளவே உள்ள கிரீஸ், கப்பல் சொந்தக்காரர்களின் வரிசையில் உலகின் உச்சியில் இருக்கிறது. அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கப்பலுக்குக் கடன் கொடுத்துப் பழகிய வங்கிகள் இருக்கின்றன. 1906இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தொடங்கியபோது, எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம் என்று அழைத்தது. கப்பல் தொழிலில் முதலில் நஷ்டத்தைத் தாங்குபவன்தான் பிறகு விலையைச் சொல்கிறான். அந்தத் தாங்கும் சக்தியைத் தனி ஆளால் கொண்டுவர முடியாது, அரசு பின்னால் நிற்க வேண்டும்.

2025 செப்டம்பரில் கப்பல் கட்டுவதற்கும் கடல்சார் தொழிலுக்கும் மத்திய அமைச்சரவை 69,725 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. நல்ல செய்தி. அதோடு ஏற்றுமதியாளர்களையும் சி.ஐ.எஃப். விலையில் விற்கப் பழக்க வேண்டும் என்பேன். சின்ன வியாபாரிகள் நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக ரேட் பேசலாம், எங்களைப் போன்ற ஆபீஸ்கள் அதற்கு உதவலாம். ஆம்பூர் பாயிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சீசனுக்கு வாடகையும் சேர்த்து விலை போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். இப்போது லைன்களிடம் ரேட் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.