2⁶⁷ − 1: முழுதாகவே திரும்பி வந்துகொண்டிருந்த எண்

147573952589676412927 என்னும் 21 இலக்க எண், அதாவது 2⁶⁷ − 1, நேற்றிரவு ஒருவழியாக என் பைத்தான் நிரலிலும் இரண்டாகப் பிரிந்தது. 1644இல் மெர்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் பகா எண் பட்டியலில் சேர்த்த இதனை, 1876இல் கணிதவியலாளர் எதுவார்து லூக்கா காரணி எதையும் காட்டாமலேயே பகு எண் என்று நிறுவினார். 1903இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் பேசாமல் பெருக்கிக் காட்டிய 193707721 × 761838257287 என்னும் விடை நம் அனைவருக்கும் தெரிந்ததே. தெரிந்த விடையை, போலார்டு 1974இல் வெளியிட்ட ‘ப கழித்தல் 1’ முறையால் நானே எடுக்க வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம். அடி என ஓர் எண்ணை எடுத்து, ஒரு வரம்பு வரையுள்ள பகா எண்களையும் அவற்றின் அடுக்குகளையும் பெருக்கி அதற்கு அடுக்காக வைத்து, வருவதில் 1 கழித்து, பிரிக்க வேண்டிய எண்ணோடு மீப்பெரு பொதுக் காரணி பார்ப்பதே அம்முறை; ஒரு பகாக் காரணியில் (‘ப’) 1 குறைத்தால் வருவது அந்த அடுக்கை மீதியின்றி வகுத்தால், அக்காரணி அகப்படும்.

முதல் இரவு அடியாக 2ஐ வைத்தேன். வரம்பு 67க்குக் கீழே இருந்தால் மீப்பெரு பொதுக் காரணி 1 என்றும், அதைத் தொட்டவுடன் பிரிக்க வேண்டிய எண்ணே முழுதாகவும் வந்தது. 2இன் 67ஆம் அடுக்கு இவ்வெண்ணை வகுஎண்ணாகக் கொண்டால் மீதி 1 ஆகும் என்பது கண்ணெதிரே இருந்தும், அடுக்கில் 67 நுழைந்த கணமே இரு காரணிகளும் ஒருசேர அகப்பட்டுவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அடியை 3 என மாற்றி, வரம்பைத் தாராளமாக 10000 என வைத்தேன்; மீண்டும் அந்த எண்ணே முழுதாக வந்தது. வரம்பு போதவில்லை என்று எண்ணி அதை 100000 ஆக உயர்த்தியதுதான் இந்த முயற்சியிலேயே பெரிய அசட்டுத்தனம். இறுதியில் ஒரே முறை பொதுக் காரணி பார்ப்பதை விட்டு, ஒவ்வொரு பகா எண்ணை அடுக்கில் சேர்த்த பின்னும் பார்க்கும்படி நிரலைத் திருத்தியபோது, 2677இல் சிறிய காரணி தனியாக விழுந்தது. காரணம் பின்னர் விளங்கியது: சிறியதில் 1 குறைத்தால் 2³ × 3³ × 5 × 67 × 2677; பெரியதில் 1 குறைத்தால் 2 × 3² × 29 × 67 × 2551 × 8539. ஆகவே வரம்பு 2677க்கும் 8538க்கும் இடையில் இருக்க வேண்டும். 8539ஐ எட்டினால் இரண்டும் சேர்ந்தே வரும். பெரிய எண்களுக்கு அடிக்கடி பொதுக் காரணி பார்ப்பது வீண் செலவு என்பார்கள். இந்த அளவுக்கு அந்தச் செலவு கண்ணில்கூடப் படவில்லை.

பகா எண் பட்டியலை எங்கிருந்தும் தரவிறக்க வேண்டாம் என்பது என் கருத்து. நான் எடுத்த கோப்பில் 1ஐயும் பகா எண்ணாகச் சேர்த்திருந்தார்கள். பகா எண்களைச் சலித்தெடுக்கும் எரட்டோஸ்தெனிஸ் சல்லடையைச் சில வரிகளில் நாமே எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து, மெர்சென் பகா எண் என்று தவறாகச் சேர்த்த மற்றோர் எண்ணான 2²⁵⁷ − 1இன் 15 இலக்கக் காரணியைப் போலார்டின் மற்றொரு காரணி தேடும் முறையான ‘ரோ’வால் பிடிக்க எண்ணியிருக்கிறேன். அதற்கு முன், 761838257287 பகா எண்தான் என்பதை என் நிரல் இன்னும் சரிபார்க்கவில்லை. அதற்குக் காரணி இருந்தால், அது 2⁶⁷ − 1இன் காரணியும் ஆவதால், 134இன் (2 × 67) மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். தேட வேண்டிய எல்லை அதன் வர்க்கமூலம்; அந்த 872833 வரை அத்தகையவை 6513 மட்டுமே, அவற்றிலும் 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வராத பாதி கழிந்துவிடும்.