கேம்பர் வேனில் கழிவுநீர் ஹோஸ் ஒழுகினால்

சிங்க்கிலிருந்து அடியிலுள்ள டேங்குக்கு இறங்கும் ஹோஸ் ஒழுக ஆரம்பித்ததும் பலரும் முதலில் தேடுவது டேப்பைத்தான். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய பிளாஸ்டிக்கில் சாதாரண டேப் ஒட்டாது. ஒட்டினாலும் நாலு பள்ளம் தாண்டுவதற்குள் உரிந்துவிடும். இந்த ஹோஸுக்குள் பம்ப் அழுத்தம் எதுவும் கிடையாது, தண்ணீர் தன் எடையில்தான் கீழே போகிறது. அப்படியும் கசிகிறதென்றால் பெரும்பாலும் ஒரு முனை தளர்ந்திருக்கும், அல்லது தாங்கல் இல்லாமல் தொங்கும் ஹோஸ் அந்த முனையை இழுத்துக்கொண்டிருக்கும். உள்விட்டம் 25 மி.மீ. உள்ள ஹோஸில் ஒரு மீட்டருக்கு அரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நடுவில் தொய்ந்த இடத்தில் அது வடியாமல் நின்றால், வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அரைக் கிலோ எடை இணைப்பை ஆட்டும். தொய்வை அப்படியே விட்டுவிட்டு ஹோஸை மட்டும் மாற்றினால் புது ஹோஸும் அதே இடத்தில்தான் ஒழுகும்.

சொட்டுகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம். தண்ணீர் ஹோஸின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து, எங்கே தாழ்வோ அங்கே சொட்டும். முழு ஹோஸையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிடுங்கள். சிங்க்கை அடைத்து, நிறம் கலந்த தண்ணீரை முழுக்க நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். நனைந்த பேப்பர்களில் எது மிக மேலே இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில்தான் கசிவு. எப்போது ஒழுகுகிறது என்பதையும் கவனியுங்கள். சிங்க்கைத் திறந்த கணத்தில் மட்டும் ஒழுகினால் கோளாறு ஹோஸிலோ மேல் இணைப்பிலோ இருக்கும். டேங்க் நிறைந்த பிறகு மட்டும் என்றால் டேங்க் பக்க இணைப்பு. ஓடும்போது மட்டும் என்றால், டேங்குக்குள் தண்ணீர் அலைமோதி மேல் வாய் வழியாகவோ காற்றுக் குழாய் வழியாகவோ வெளியே வருகிறது. இந்தக் கடைசி வகையில் ஹோஸைத் தொடவே தேவையில்லை.

வேலை தொடங்கும் முன் டேங்கைக் காலி செய்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். கையுறையோடு கண்ணாடியும் போடுங்கள், கழற்றும்போது மிச்சத் தண்ணீர் நேராக முகத்தில்தான் வரும்.

கிழிசல் நடுவில் இருந்து, மற்ற இடமெல்லாம் இளக்கமாக இருந்தால் இரண்டு பக்கமும் 3 செ.மீ. தள்ளி வெட்டி, இரு முனையிலும் பற்கள் உள்ள இணைப்பான் ஒன்றைச் செருகினால் போதும். ஹோஸை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் பிளாஸ்டிக் இறுகிப்போய்விட்டது, முழு நீளத்தையும் மாற்றுவதே மேல். பழைய துண்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். அளவு என்பது ஹோஸின் உள்விட்டமும், அது ஏறும் குழாய் முனையான மூக்கின் வெளிவிட்டமும். ஹோஸின் வெளிப்புறத்தை மட்டும் அளந்து வாங்கினால் பொருந்தாது.

நெளிவுள்ள ஹோஸில் இன்னொரு சிக்கல் உண்டு. நெளிவின் மேல் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் இடுக்கு வழியே தண்ணீர் வரும். சில நெளிவு ஹோஸ்களில் இடையிடையே வழவழப்பான கழுத்துப் பகுதி இருக்கும், அங்கேதான் வெட்ட வேண்டும். அது இல்லையென்றால் முனைக்கென்று கிடைக்கும் ரப்பர் உறையைப் போட வேண்டும். சுருள் ஓடும் ஹோஸ் என்றால், பட்டைக் கிளிப்புக்குப் பதிலாகச் சுருளின் பள்ளத்தில் உட்காரும் இரட்டைக் கம்பிக் கிளிப் நன்றாகப் பிடிக்கும். நேராகப் போகும் இடங்களில் உட்புறம் வழவழப்பான ஹோஸையே போடுங்கள். நெளிவுகளில் எண்ணெய் படிந்து நாறுவதற்கு அது எவ்வளவோ மேல்.

புது ஹோஸைத் தேவையான நீளத்தைவிட 5 செ.மீ. மட்டும் கூடுதலாக வெட்டுங்கள். அதற்கு மேல் விட்டால் மறுபடி தொய்வுதான். வெட்டு செங்குத்தாக, சீராக இருக்கட்டும். கிளிப்பை முதலில் ஹோஸில் மாட்டிக்கொண்டு பிறகு செருகுங்கள். கிளிப்பை மறந்து, ஏற்றிய ஹோஸை மறுபடி இழுத்தெடுப்பவர்கள் ஏராளம். முனையை ஒரு நிமிடம் வெந்நீரில் வைத்தால் இளகும், நெருப்புக் காட்ட வேண்டாம். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ ரப்பரை உப்ப வைத்துவிடும். 25 மி.மீ.யாவது உள்ளே போகட்டும். கிளிப் ஹோஸின் விளிம்பில் நிற்காமல், மூக்கின் பல்லைத் தாண்டி உட்கார வேண்டும். துரு ஏறாத ஸ்டெயின்லெஸ் கிளிப்பாகப் போட்டு, ஹோஸ் அதன் இருபுறமும் லேசாகப் பிதுங்கும் வரை மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் திருகினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மூக்கு விரிசல் விடும். பிறகு ஒழுகுவது ஹோஸ் அல்ல, டேங்க்.

டேங்க் பக்கம் ரப்பர் வாஷரை அழுத்தி அடைக்கும் நட்டு இருந்தால், மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதில் பயனில்லை. அடைப்பது வாஷர்தான். அது தட்டையாகியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிட்டு, நட்டைக் கையால் இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று கொடுங்கள். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் ஹோஸ்களில் பிவிசி பசையும் பிடிக்காது, சிலிக்கான் பசையும் பிடிக்காது.

கடைசியாக, சாய்வு. மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கம் தொடர்ந்து இருக்க வேண்டும், 30 முதல் 40 செ.மீ.க்கு ஒரு தாங்கு கிளிப் வேண்டும். சைலன்ஸர் பக்கம் போகக் கூடாது. தகட்டில் போட்ட துளை வழியே நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் இல்லையென்றால் அந்த விளிம்பே கத்தியாகிவிடும்.

வழியில் கிழிந்தால் சமாளிக்க, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப் ஒரு ரோல் வண்டியில் வைத்திருங்கள். ஹோஸைச் சோப்பால் கழுவித் துடைத்து, கிழிசலுக்கு 5 செ.மீ. முன்பிருந்தே, டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடும்படி சுற்றுங்கள். பயணம் முடியும் வரை தாங்கும், அவ்வளவுதான்.

முடித்ததும் நிறத் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிறகு அரை மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு வந்து பேப்பர்களைப் பாருங்கள். புது ஹோஸ் கிளிப்புக்கு அடியில் சில நாளில் கொஞ்சம் அமுங்கும். அப்போது எல்லா கிளிப்புகளையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.