மடு வீதியில் ஆறு மணி வரை

மடு வீதிக்குக் குருவி பார்க்கப் போய் நேற்று இரவு எட்டரைக்குத்தான் வவுனியா திரும்பினோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எப்படிப் போவது, எவ்வளவு முடியும் என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் முதலில் வான்காரர்.

பதினொரு பேர், ஒரு ஹையேஸ், பேசிய காசு 16,500 ரூபா, ஆளுக்கு 1,500. விடிய நாலரைக்கு வருவதாகச் சொன்னவர் வந்தது ஆறு இருபதுக்கு. குருவி பார்க்கப் போகிறவனுக்கு அந்த இரண்டு மணித்தியாலத்தைத் தொலைத்தால் பிறகு என்ன மிச்சம்? போதாததற்குச் செட்டிகுளம் வரைக்கும் பைலாப் பாட்டு.

மடு வீதிக் காடு 1968இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவானது. அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. நாங்கள் சந்தியிலிருந்து மடு மாதா கோயிலுக்குப் போகும் வீதியோரமாகவே நடந்தோம். ஒன்றுக்குப் போகவும் எங்கள் பெரியவர்கள் தார் வீதியை விட்டு இறங்கவில்லை. கண்ணிவெடிக் காலத்தில் பழகிய கால்கள்.

பாலை, வீரை மரங்கள் அடர்ந்த இடத்தில் காட்டுக்கோழிச் சேவல் ஒன்று, இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத நம்முடைய தேசியப் பறவை, வீதியைக் கடந்தது. சிவந்த கொண்டைப் பூவின் நடுவில் மஞ்சள் தீற்றல். இருவாச்சிச் சோடி ஒன்று தலைக்கு மேலே போனபோது இறக்கைச் சத்தம் நன்றாகக் கேட்டது. ஆனால் நான் வந்தது ஆறுமணிக் குருவிக்கு. ஐப்பசியில் இமயமலை அடிவாரப் பக்கமிருந்து வந்து சித்திரைக்குள் திரும்பிவிடும். விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் கூப்பிடுவதால் அந்தப் பெயர். ஏழரைக்குப் போய் இறங்கினால் அது எங்கே கூப்பிடும்?

மத்தியானம் முருங்கனில் ஒரு சின்னக் கடையில் சிவப்பரிசிச் சோறும் விரால் குழம்பும், 750 ரூபா. குழம்பில் பழப்புளி தூக்கலாக, மீன் முள்ளிலிருந்து கழன்று வந்தது. இரண்டாம் முறை சோறு கேட்டவர்களில் நானும் ஒருவன். அதற்காகவே இன்னொரு தடவை போகலாம். அப்புறம் கட்டுக்கரைக் குளம். அருவியாற்றுத் தண்ணீரைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்து இங்கே கொண்டுவருகிறார்கள். கொக்கு, நாரை, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி எல்லாம் இருந்தன, ஆனால் வெயிலில் கண் கூசி நான் பாதியைப் பார்க்கவில்லை.

பின்னேரம் மறுபடி மடு வீதி. ஐந்தரைக்கு வான்காரர் கதவைச் சாத்திக்கொண்டு, "அண்ணை, நிண்டதுக்குக் காசு வேறை" என்றார். 2,200 ரூபா! காலையில் நாங்கள் நின்றதற்கு யார் தருவது என்று கேட்டேன். வாய்த்தர்க்கம் முற்றி அரை மணித்தியாலம் போனது. அப்போது பற்றைக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி.

"உதுதான் ஆறுமணிக் குருவி" என்று கையை நீட்டியவர் அதே வான்காரர். "அம்மம்மா உது கூப்பிட்டால்தான் விளக்குக் கொளுத்துவா."

சருகைக் கிளறிக்கொண்டு நின்றது. மைனாவளவு, கட்டை வால், பச்சை முதுகு, செட்டையில் நீலப் பொட்டு, வாலடியில் செக்கச்சிவப்பு. பதினொரு பேரும் மூச்சுவிடவில்லை. நேரத்தைப் பார்த்தேன், 6.04.

திரும்பும் வழியில் பைலா இல்லை. இறங்கும்போது 2,200 ரூபாவையும் எண்ணி வாங்கிக்கொண்டுதான் போனார்.