நரம்பு மாத்திரை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் அப்பாவின் சர்க்கரை மாத்திரை, அம்மாவின் பிரஷர் மாத்திரை, அப்புறம் என்னுடைய எஸ்சிட்டாலோபிராம். அம்மாவுக்கு அது 'நரம்பு மாத்திரை'. அத்தை வந்து கேட்டால் 'வைட்டமின்'.

எனக்கு வந்தது பேனிக் டிஸார்டர், காரணமே இல்லாமல் திடீர் திடீரென்று உச்சகட்டப் பயம் வந்து நெஞ்சு படபடக்கும் நோய். அந்தப் பெயர் தெரிவதற்குள் மூன்று முறை மாரடைப்பு என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஒருமுறை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஆட்டோவில். மூன்று ஈசிஜியும் நார்மல். மூன்றாவது முறை டியூட்டி டாக்டர் மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றபோது கோபம்தான் வந்தது. நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவனைப் பைத்தியம் என்கிறாரே!

மனநல மருத்துவர் முதலில் தைராய்டு பார்க்கச் சொன்னார். அதுவும் சரியாக இருந்தது. பிறகு இந்த மாத்திரையை எழுதினார். கூகுளில் தேடினால் மனச்சோர்வுக்கு என்று போட்டிருக்கிறது, நான் சோகமாகவே இல்லையே என்றேன். பேனிக், ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய்), ஓயாத பதற்றம் எல்லாவற்றுக்கும் இந்த வகை மாத்திரைதான் கொடுக்கிறோம் என்றார். முதல் வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10. "ரெண்டு வாரம் என்னைத் திட்டுவீங்க, ஆனா நிறுத்திடாதீங்க."

திட்டத்தான் செய்தேன். குமட்டல், ஓயாத கொட்டாவி, இருந்த படபடப்பு போதாதென்று கூடக் கொஞ்சம். ஐந்தாவது வாரம் திருமங்கலம் பஸ்ஸில் கூட்டத்தில் நின்றபடியே போய் இறங்கினேன். டீ குடிக்கும்போதுதான் உறைத்தது, வழியில் ஒருமுறைகூட நாடி பிடித்துப் பார்க்கவில்லை.

நான்காவது மாதம், 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நானே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் மூளைக்குள் சுரீரென்று கரண்ட் ஓடியது. பைக் ஓட்ட முடியவில்லை. போதை மாதிரி அடிமையாகிவிட்டேனோ என்று பயந்து போய்க் கேட்டேன். அது போதை இல்லை, மூளை பழகிய அளவைச் சட்டென்று பிடுங்கினால் அப்படித்தான், படிப்படியாகத்தான் இறங்க வேண்டும் என்றார். குணமான பிறகும் ஆறு மாதமாவது சாப்பிட வேண்டுமாம். மறுபடி ஆரம்பம்.

இப்போது அவர் சொல்லி இறங்கிக்கொண்டிருக்கிறேன். ஆடிட்டர் ஆபீஸ் வேலை, மார்ச் முடியட்டும் என்று அவரே தள்ளிப்போட்டார். தினம் அரை மாத்திரை. பிளேடால் வெட்டினால் ஒரு பாதி சிலிண்டருக்கு அடியில் தெறிக்கிறது என்று அம்மா பாக்குவெட்டியை எடுத்து வந்தாள். நடுக்கோட்டில் வைத்து நறுக்கினாலும் ஒரு பாதி கொஞ்சம் பெரிதாகத்தான் விழுகிறது. பெரிய பாதியைத் திங்கட்கிழமைக்கு எடுத்து வைக்கிறேன்.